பார்வையற்ற மாணவிக்கு என்விடிஏ வரைபடத்தைப் படிக்கவில்லை: பதில்

திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் வரைபடத்தை (graph) மட்டும் படிக்கவில்லை, உங்கள் பார்வையற்ற மாணவிக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வரைபடக் கேள்வியிலிருந்து அவருக்கு விலக்கு தராதீர்கள் சார். வரைபடத்தின் கீழேயே, அதை வரைந்த எண்களைப் பாண்டாஸ் (பைத்தான் நிரல்மொழியின் தரவு நூலகம்) அட்டவணையாகக் காட்டி, நிரலும் வரைபடமும் உள்ள நோட்புக் கோப்பை, பிரவுசரில் திறக்கும் ஹெச்டிஎம்எல் கோப்பாக மாற்றிக் கொடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி அம்புக்குறி விசைகளால் கட்டம் கட்டமாக அவரே படித்துக்கொள்வார்.

நீங்கள் சொன்ன பாம்பன் மீன்வரத்து வரைபடத்தில் என்விடிஏ "கிராஃபிக்" என்று மட்டும் சொல்லி நிற்கக் காரணம், வரைபடம் வரையும் பைத்தான் நூலகமான மேட்பிளாட்லிப் தருவது வெறும் படம். அதிலுள்ள எண்கள் திரைவாசிப்பானுக்கு எட்டாது. மென்பொருளை மறுபடி நிறுவிப் பயனில்லை.

கொடுக்கும் முன் மானிட்டரை அணைத்துவிட்டு, என்விடிஏ இயங்கும்போது பிரவுசரில் T விசையை அழுத்திப் பாருங்கள். அட்டவணைக்குத் தாவவில்லை என்றால், யாரோ அதை ஸ்கிரீன்ஷாட்டாக ஒட்டியிருக்கலாம்.

படவிளக்கமும் எழுதுங்கள், ஆனால் அளவோடு. வகுப்புக் குறிப்பில் "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அதனால் மே மாதம் விசைப்படகு வரத்து விழுகிறது" என்று எழுதலாம். தேர்வில் அச்சு, அலகு, ஏற்ற இறக்கம் மட்டும் போதும். காரணம் சொல்வது அவர் வேலை, மற்ற மாணவர்களுக்கும் அதுதானே கேள்வி?

ஆயிரக்கணக்கான புள்ளிகள் கொண்ட சிதறல் படத்துக்கு இந்த அட்டவணை முறை உதவாது. அங்கே தரவைப் பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் சராசரியையும் பரவலையும் கொடுங்கள்.