ஆறாம் வகுப்புக்குப் பிறகு: ஆட்டிசம் உள்ள மாணவர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகனுக்கு ஆட்டிசம் உண்டு. ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் ஊரின் சிறிய பள்ளியில் ஒரே ஆசிரியையிடம் நன்றாகப் படித்தான். இந்த ஆண்டு பெரிய பள்ளியில் சேர்த்தோம். அங்கே அமைதியாக இருக்கிறான் என்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கம்பளிச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு அலறி அழுகிறான். நாங்கள் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகப் பள்ளியில் சொல்கிறார்கள். எங்கள் வளர்ப்பில்தான் தவறா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: இல்லை, அம்மா. பள்ளி நேரம் முழுவதும் தன்னை அடக்கிக்கொண்டிருந்த பிள்ளை, பயமில்லாமல் அழக்கூடிய ஒரே இடத்துக்கு வந்ததும் அழுகிறான். பள்ளியில் தெரியும் அமைதியை வைத்து அங்கே அவனுக்குச் சிரமமில்லை என்று முடிவுகட்டுவது சரியல்ல.

ஆறாம் வகுப்பில் என்னவெல்லாம் மாறுகிறது என்று பாருங்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். ஒவ்வொருவரின் குரலும் எதிர்பார்ப்பும் வேறு. மணி அடித்ததும் நடைவழியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் முட்டிமோதுகிறார்கள். நம் நீலகிரி மலையில் இவற்றோடு தகரக் கூரையில் கொட்டும் மழையின் இரைச்சலும், ஈரம் ஏறிய கம்பளி கழுத்தில் உறுத்துவதும் சேர்ந்துகொள்கின்றன. ஒலி, தொடுதல், வெளிச்சம் ஆகியவற்றை ஆட்டிசம் உள்ளவர்கள் பலர் மிகத் தீவிரமாக உணர்வார்கள் என்பதால், மற்ற பிள்ளைகள் கவனிக்காமலே கடந்துபோகும் ஒன்று உங்கள் மகனுக்கு உண்மையான வலியாக இருக்கக்கூடும்.

சட்டையிலிருந்தே தொடங்கலாம். உள்ளே முழுக்கை வைத்த பருத்தி பனியன் போட்டுவிடுங்கள். வகுப்பறைக்குள் கம்பளியைக் கழற்றி வைத்துக்கொள்ளத் தலைமையாசிரியரிடம் அனுமதி கேளுங்கள். அடுத்ததாக, அவனைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள்: எது அவனை வருத்தும், வருத்தம் வரும்போது எது உதவும், எதைப் பற்றிப் பேசினால் முகம் மலரும் என்று. அதை எல்லாப் பாட ஆசிரியர்களிடமும் கொடுங்கள். பள்ளியில் ஓர் ஆசிரியராவது அவனுக்கென்று பொறுப்பேற்க வேண்டும். தாங்க முடியாதபோது ஓர் அட்டையைக் காட்டிவிட்டு, விளக்கம் சொல்லாமல், நூலகத்தின் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்துவர அவனுக்கு வழி இருக்க வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை. ஆசிரியர்கள் ஒன்றுகூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

முன்கூட்டித் தெரியாத மாற்றமே இத்தகைய பிள்ளைகளைப் பெரிதும் குலைக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் விடுமுறை அறிவிப்பு சில நாட்களில் விடியற்காலையில்தான் வரும். ஆகவே முந்தைய இரவே, “நாளை பள்ளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், செய்தி வந்ததும் சொல்கிறேன், இல்லையென்றால் இன்னின்னது செய்வோம்” என்று இரண்டு வழிகளையும் எழுதிக் காட்டுங்கள். மாலையில் அவன் வந்தவுடன் கேள்வி எதுவும் கேட்காமல் சிறிது நேரம் விட்டுவிடுங்கள். வீட்டுப்பாடம் பிறகு ஆகட்டும்.

கேள்வி: என் ஒன்பதாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவி ஒருத்தி இருக்கிறாள். அறிவியலில் கெட்டிக்காரி, ஆனால் எழுத மிகவும் தாமதமாகும். பொதுத்தேர்வில் சலுகை கேட்கலாமா? மற்றவர்களுக்கு அது அநீதி என்று சக ஆசிரியர்கள் சிலர் கருதுகிறார்கள்.
– ஓர் ஆசிரியர், குன்னூர்

பதில்: கட்டாயம் கேளுங்கள், அதுவும் இப்போதே. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. அதன் 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அறிவியல் தேர்வு அவள் அறிவியலை அளக்கவே நடக்கிறது. எழுதும் வேகம் குறைவு என்பதற்காக அவள் அறிந்ததையும் அறியாததாகக் கணக்கிடுவதே அநீதி என்பது என் உறுதியான கருத்து.

மருத்துவச் சான்றிதழும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பெற்றோருக்கு ஒவ்வொரு முறை மாவட்டத் தலைநகரான உதகைக்கு வந்து திரும்புவதற்கும் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், எந்தெந்தத் தாள்கள் வேண்டும் என்பதை பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்பாசிரியரிடம் முதலிலேயே கேட்டுச் சொல்லிவிடுவது பேருதவி. சொல்வதை எழுதுபவரோடு திருப்புதல் தேர்விலேயே பழக்குங்கள். பொதுத்தேர்வு நாளன்று முன்பின் அறியாத ஒருவர் அருகில் வந்து அமர்ந்தால் அவளுக்குப் பேச்சே எழாமல் போகலாம். தேர்வு மையம் வேறு பள்ளி என்றால், ஒருநாள் அழைத்துப்போய் அறையையும் கழிப்பறையையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மகளின் எட்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவனைச் சிலர் சீண்டுகிறார்கள். கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, அவன் திருப்பிச் சொன்னதும் சிரிக்கிறார்கள். என் மகள் என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கூடலூர்

பதில்: அவனும் அவர்களோடு நட்பாக இருக்க விரும்பியே அந்த வார்த்தைகளைச் சொல்லியிருப்பான், அதற்காக அவனையே ஆசிரியர் தண்டித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆகவே கண்டதை உள்ளபடி வகுப்பாசிரியரிடம் சொல்வது உங்கள் மகள் செய்யக்கூடிய பெரிய காரியம். அது கோள் சொல்வதாகாது என்று அவளுக்கு விளக்குங்கள்.

தானும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் ஆய்வாளர் டேமியன் மில்டன், புரிந்துகொள்ளாமை இருபக்கமும் உள்ளது என்று 2012இல் எழுதினார். அந்த மாணவன் மற்றவர்களைப் புரிந்துகொள்ளத் திணறுவதைப் போலவே மற்றவர்களும் அவனைப் புரிந்துகொள்ளத் திணறுகிறார்கள். பழகும் பொறுப்பு முழுவதையும் அவன் தலையில் மட்டும் சுமத்த முடியாது. அவன் சம்மதமும் பெற்றோர் சம்மதமும் இல்லாமல் அவனுக்கு ஆட்டிசம் என்பதை வகுப்பில் அறிவிக்கக் கூடாது. சீண்டல் பெரும்பாலும் ஆசிரியர் கண் படாத மதிய உணவு வேளையிலும் பேருந்திலும்தான் நடக்கும். ஆகையால் அந்த இரண்டு நேரங்களிலும் யார் கண்காணிப்பது என்பதைப் பள்ளி நிர்வாகம் பெயரோடு எழுதி வைக்க வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள்.