மடக்கும்போது விரல் பத்திரம்

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் குமுளி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறேன். சாக்குச் சணல், சொட்டுநீர்க் குழாய், மத்தியானம் ஒரு மாம்பழம், இவ்வளவுதான் வெட்ட. கனமில்லாத, விலை குறைந்த மடக்குக் கத்தி சொல்லுங்கள் அண்ணாச்சி.

பதில்: தம்பி, முதலில் பூட்டைப் பாருங்கள். பூட்டில்லாத கத்தியால் குழாயில் துளை போடப்போய், அது மடங்கி என் ஆள்காட்டி விரலில் 3 தையல். மழை நாளில் இன்னும் குத்தும். விரித்ததும் ‘டக்’கென்று நிற்க வேண்டும், அலகின் முதுகை மரத்தில் லேசாகத் தட்டினால் மடங்கக் கூடாது. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அலகு 3 அங்குலம் தாராளம். 100 கிராம் தாண்டினால் சட்டைப் பை தொங்கும். பிரெஞ்சு ஒப்பினெல் கம்பெனியின் 8ஆம் நம்பர் கத்தி மரப்பிடியோடு 45 கிராம்தான். கழுத்து வளையத்தைத் திருகினால் பூட்டு. ஆனால் மழையில் மரம் ஊதி, அலகு வெளியே வர அடம்பிடிக்கும். உங்களுக்கு பிளாஸ்டிக் பிடியே சரி. கார்பன் எஃகு தீட்டினால் நன்றாகக் கூர் ஏறும், ஆனால் மாங்காய்ச் சாறு பட்டால் கறுக்கும், சாரலில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகே வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை கத்தி மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், பிசுக்காகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் போதும்.

பட்டனை அமுக்கினால் பாயும் கத்தி வேண்டவே வேண்டாம். செக்போஸ்ட்டில் விளக்கம் சொல்லியே ஜீப்பைத் தவறவிடுவீர்கள்.