கால்பந்து உலகக் கோப்பை, ஒலிம்பிக் நடத்தும் நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் ஊழல் எப்படி நுழைகிறது?

ஓட்டுப் போடுகிறவர்கள் கொஞ்சம் பேர், அதுவும் ரகசிய ஓட்டு, கிடைக்கப் போகும் உரிமையோ கோடிக்கணக்கில் பெறும். நுழையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!

2010 டிசம்பரில் ஜூரிச்சில் ஃபிஃபாவின் (உலகக் கால்பந்து அமைப்பு) செயற்குழு 2018 உலகக் கோப்பையை ரஷ்யாவுக்கும் 2022-ஐ கத்தாருக்கும் ஒரே நாளில் கொடுத்தபோது ஓட்டுப் போட்டவர்கள் வெறும் 22 பேர். குழுவில் மொத்தம் 24 பேர். ஒரு பத்திரிகையின் ரகசிய விசாரணையில் சிக்கியதால் இரண்டு பேரை முன்பே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கடைசிச் சுற்றில் கத்தாருக்கு 14, அமெரிக்காவுக்கு 8. அதாவது 12 பேரை வளைத்தாலே வேலை முடிந்துவிடும் என்கிற அமைப்பு அது.

லஞ்சம் என்றதும் பணப்பெட்டியை மட்டும் நினைக்காதீர்கள். 2002 குளிர்கால ஒலிம்பிக்கைப் பிடிக்க அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டிக்காரர்கள், ஓட்டுப் போடும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு, மருத்துவம், சுற்றுலா என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். விஷயம் வெளியே வந்து, 1999-இல் 6 உறுப்பினர்களை நீக்கினார்கள். அப்புறம் போட்டியிடும் நகரங்களுக்கு உறுப்பினர்கள் போய்ப் பார்ப்பதற்கே தடை.

இப்போது சரியாகிவிட்டதா? ஓரளவுக்குத்தான். 2026 உலகக் கோப்பைக்கு, போட்டியில் இல்லாத கிட்டத்தட்ட எல்லா நாட்டுக் கால்பந்துச் சங்கங்களும் ஓட்டுப் போட்டன (134-65), யார் யாருக்குப் போட்டார்கள் என்பதும் வெளியானது. நல்ல மாற்றம். ஆனால் 2034 உலகக் கோப்பைக்கு சவூதி அரேபியா மட்டும்தான் களத்தில், கைதட்டியே முடித்துவிட்டார்கள். 2032 ஒலிம்பிக்குக்கும் கடைசியில் ஓட்டுக்கு வந்த ஒரே பெயர் பிரிஸ்பேன்தான்.