முட்டி வலி: கைச்சிகிச்சையும் பயிற்சியும்

கேள்வி: எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டுத் தேய்மானம் என்று சொல்லிவிட்டார்கள். கையால் செய்யும் சிகிச்சையால் தேய்ந்தது சரியாகுமா? (மஞ்சக்குப்பம் வாசகி)

பதில்: தேய்ந்த குருத்தெலும்பு கைச்சிகிச்சையால் வளராது; ஆனால் எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் நீங்கள் படும் வலியும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், அந்தப் படத்தைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மூட்டைச் சுற்றியுள்ள உறையும் தசையும் இறுகிப்போனால் கால் முழுதாக நீளாது, மடங்காது. இயன்முறை மருத்துவர் உங்கள் முழங்காலுக்குக் கீழே இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னுமாக மெல்ல நகர்த்துவதும், முட்டிச்சில்லை விரல்களால் மேலும் கீழும் அசைப்பதும் அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்காகத்தான். எண்ணெய் போட்டு உருவுவது வேறு, இது வேறு. 2000-ஆம் ஆண்டு வெளியான, 83 பேர் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், கைச்சிகிச்சையும் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்களில் ஓராண்டுக்குள் முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டோர் 5 சதவீதம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பெயரளவுக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்களில் அது 20 சதவீதம். இரண்டும் சேர்ந்து தந்த பலன் இது என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் வேலை. நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து எழுந்தால் முட்டி பிடித்துக்கொள்கிறது. சிகிச்சைக்காக அடிக்கடி கடலூருக்கு உங்களிடம் வர முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: வேலையை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, அம்மா. தரையை விட்டுவிட்டு முக்காலியில் உட்காருங்கள். அரை மணிக்கு ஒருமுறை காலை நீட்டி மடக்குங்கள். இரவில் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, தொடையின் முன்பக்கத் தசை கல்லாக இறுகும்படி துண்டைக் கீழே அழுத்தி 5 வினாடி நிறுத்துங்கள். பத்து முறை போதும். பிறகு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக உட்காருங்கள். மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். 2005-இல் வெளியான, 134 பேர் பங்கேற்ற ஆய்வில், இரண்டே முறை நேரில் வந்து கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களுக்கு முதல் நான்கு வாரங்களில் பலன் குறைவாக இருந்தபோதும், ஓராண்டு முடிவில் அவர்கள் நேரில் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே தேறியிருந்தார்கள்.

கேள்வி: புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடக்கலாமா?

பதில்: தாராளமாக நடக்கலாம். மாலையில் வாகனங்கள் இல்லாத, மேடுபள்ளமற்ற அந்தச் சாலை மணலைவிட முட்டிக்கு நல்லது. கைத்தடியை வலியில்லாத பக்கக் கையில் பிடியுங்கள். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டி தாங்கும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறையும்.

கேள்வி: நேற்று முதல் முட்டி வீங்கிச் சூடாக இருக்கிறது, காய்ச்சலும் உண்டு. சிகிச்சைக்கு வரலாமா?

பதில்: என்னிடம் வர வேண்டாம், இன்றே மருத்துவரிடம் போங்கள். மூட்டில் சீழ் பிடித்திருக்கக்கூடும் என்பதால், அதைச் சோதித்து இல்லையென்று உறுதி செய்யும்வரை அந்த முட்டியை யாரும் அழுத்தவோ அசைக்கவோ விடாதீர்கள்.