பாவடியும் டென்ட்டர்ஹூக்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் ஆங்கில மரபுத்தொடர்களை மனப்பாடம் செய்து வருகிறாள். ‘ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’ என்பதற்கு அவளது புத்தகத்தில் ‘கவலையுடன்’ என்று ஒரே சொல்லில் பொருள் தந்திருக்கிறார்கள். அரசு அலுவலகங்கள் கோரும் டெண்டருக்கும் இதற்கும் ஏதேனும் உறவு உண்டா?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: இன்றைய பொருளில் உறவு இல்லை, ஆனால் நீட்டுதல், இழுத்துப் பிடித்தல் என்னும் பொருளுடைய ஒரே லத்தீன் வினைச்சொல்லிலிருந்து இரண்டும் கிளைத்தவை. டென்ட்டர் என்பது ஒரு மரச்சட்டம். இங்கிலாந்தில் நெய்து முடித்த கம்பளித் துணியை நீரில் துவைத்து இறுக்கிய பின், அது சுருங்கிக் கோணிப் போகாமல் இருப்பதற்காக, திறந்த வெளியில் நிறுத்திய நீண்ட சட்டங்களில் விளிம்போடு விளிம்பாக இழுத்து மாட்டிக் காயவைத்தார்கள். அப்படி மாட்டுவதற்குச் சட்டத்தில் அடித்திருந்த வளைந்த ஆணிகளே டென்ட்டர்ஹூக்குகள். இழுபட்டு விறைத்து நிற்கும் அந்தத் துணியின் நிலையை மனத்துக்கு ஏற்றிச் சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் காணப்படுகிறது.

அம்மாபேட்டையிலிருந்து இக்கேள்வி வந்திருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. அந்தச் சட்டங்கள் நின்ற வெளியை ஆங்கிலத்தில் ‘டென்ட்டர் கிரவுண்ட்’ என்றார்கள். சேலத்து நெசவாளர் பாவு நீட்டும் பொதுவெளிக்குப் பாவடி என்று பெயர். அங்கே நெய்த துணி, இங்கே நெய்வதற்கு முந்தைய நூல் என்பது வேறுபாடு. கஞ்சி தோய்த்து நீட்டிய பாவு காய்வதற்குள் மழை வந்துவிடுமோ என்று வானத்தையே பார்த்து நிற்கும் குடும்பத்தின் மனநிலை எதுவோ, அதுவே இந்த ஆங்கிலத் தொடரின் பொருள். உங்கள் மகளிடம் பாவடியைச் சொல்லி விளக்குங்கள், மனப்பாடம் தேவைப்படாது.

‘கவலையுடன்’ என்ற சொல் போதாது என்பதும் இதனால் விளங்கும். நடந்து முடிந்த இழப்பை எண்ணி வருந்துகிறவரைப் பற்றி இத்தொடரைச் சொல்லக்கூடாது. முடிவு இன்னும் தெரியாமல், இருப்புக்கொள்ளாமல் காத்திருப்பவருக்கே அது பொருந்தும். தேர்வு முடிவு வரும்வரை முள்மேல் நிற்பதுபோல் தவித்தாள் என்பதை ‘ஷி வாஸ் ஆன் டென்ட்டர்ஹூக்ஸ்’ என்று எழுதலாம். முன்னால் ‘ஆன்’ வரவேண்டும். ‘ஹூக்ஸ்’ எப்போதும் பன்மையில் இருக்கவேண்டும். பலர் ‘டெண்டர்ஹூக்ஸ்’ என்று தவறாக ஒலிக்கிறார்கள், எழுதவும் செய்கிறார்கள். சட்டத்தை நினைவில் வைத்தால் அந்தப் பிழை நேராது.

கேள்வி: நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்ற தொடரைத் தமிழில் எப்படிச் சொல்வது?
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று சொல்லுங்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் டைன் ஆற்றங்கரையில் உள்ள நியூகாசில், சுற்றுவட்டாரச் சுரங்கங்களின் நிலக்கரியை நெடுங்காலம் கப்பலேற்றிய துறைமுக நகரம். ஒரு பொருள் எங்கே மிகுந்து கிடக்கிறதோ அங்கேயே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வீண் வேலையை இத்தொடர் குறிக்கிறது. பிற ஊரிலிருந்து சேலத்து உறவினர் வீட்டுக்கு மாம்பழக் கூடையோடு வருகிறவரைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம்.

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். பிடிக்காத ஒன்றை ‘நாட் மை கப் ஆஃப் டீ’ என்கிறார்கள். நாங்கள் டீக்குப் பதில் காபி என்று மாற்றிக்கொள்ளலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: சேர்வராயன் மலையில் 1820களிலேயே காபி வேர் பிடித்துவிட்டது, உங்கள் விருப்பம் நியாயமானதே. ஆயினும் மரபுத்தொடரில் ஒரு சொல்லை மாற்றினால் மரபு அறுந்துவிடும். கேட்பவர் உங்கள் காபிக் கோப்பையைத்தான் தேடுவார். இது மென்மையாக மறுக்கும் தொடர். கிரிக்கெட், திகில் படம், மலையேற்றம் போன்று சுவையைப் பொறுத்தவற்றுக்குச் சொல்லலாம். மேலாளர் ஒப்படைத்த வேலையைப் பற்றிச் சொன்னால், பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார்.