பாயின்ட் டூ டூ தோட்டா: எதை வாங்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

துப்பாக்கியைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. அதில் போடும் தோட்டாவைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை .22 (பாயின்ட் டூ டூ, அதாவது குண்டின் விட்டம் சுமார் 0.22 அங்குலம்) தோட்டாவைப் பற்றியே இருந்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

என்.சி.சி. முகாமில் பாயின்ட் டூ டூ சுட்ட ஆசையில் இப்போது ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, 50 மீட்டர் படுத்த நிலையில் பழகுகிறேன். மூன்று விலைகளில் தோட்டா கிடைக்கிறது. விலை கூடியதை வாங்கினால் ஸ்கோர் கூடுமா சார்?
கோயம்புத்தூர் வாசகர்

இப்போதைக்குக் கூடாது. ஒரு நாள் கூடும். அந்த நாள் எது என்று சொல்லிவிடுகிறேன்.

50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். ஒன்பதாம் வளையம் 26.4. தோட்டாவிலிருந்து பறந்து போகும் குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தான் அளவுள்ள ஓர் இடத்தில் விழுந்தால்தான் பத்து.

ஸ்டாண்டர்ட் தோட்டா விநாடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இலக்கைத் தொடுவதற்குள் புவியீர்ப்பு அதை 12 சென்டிமீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் குறிபார்க்கும் சைட்டைச் சரிசெய்கிறோம். எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் கிளம்பினால் கவலையே இல்லை. ஆனால் ஒரு பெட்டிக்குள் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 12 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், நீங்கள் கல்போல் அசையாமல் கிடந்தாலும் குண்டு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் மேலும் கீழுமாகப் போகும். பத்து வளையத்தின் விட்டமே 10.4! டெனெக்ஸ், ஆர்50 மாதிரியான போட்டித் தோட்டாவுக்குக் கொடுக்கும் காசு வேகத்துக்கு அல்ல, இந்தச் சீருக்குத்தான்.

ஆனால் பழக ஆரம்பித்து மூன்று மாதம்கூட ஆகாதவரின் மூச்சும் நாடித்துடிப்பும் விசை இழுப்பும் சேர்ந்து உண்டாக்கும் ஆட்டம் இதைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் இப்போது எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ், சி.சி.ஐ. ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போன்ற நடுத்தர வகை போதும். மிச்சமாகும் காசில் கூடுதலாக நூறு ரவுண்டு சுடுங்கள். விசை விழும் நொடியில் "இது வலப்பக்கம் ஒன்பது" என்று நீங்கள் முன்கூட்டிச் சொல்லி, அது அப்படியே அங்கே விழும் நிலை வரும். சொன்ன இடத்தில் விழாத குண்டுகள் அதற்குப் பிறகும் தொடர்ந்தால், அன்றைக்குத்தான் தோட்டாவைச் சந்தேகப்பட வேண்டும்.

.22 தோட்டாதான் அடிக்கடி வெடிக்காமல் போகிறது. பெரிய ரைஃபிள்களில் அப்படி இல்லையே, ஏன்?
திருச்சி வாசகர்

அதன் பிறப்பு அப்படி. பெரிய ரைஃபிள்களின் தோட்டா சென்டர்ஃபயர் வகை; அதன் அடியில் நடுவே தனியாக ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். தீப்பற்றும் மருந்து அதற்குள். .22 ரிம்ஃபயர் வகை; அதில் அந்தக் கிண்ணம் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக இருக்கும். ஈரப்பதமான மருந்தை ஒரு துளி விட்டு, கூட்டை வேகமாகச் சுழற்றி, அந்த மடிப்பு முழுக்கப் பரவ வைக்கிறார்கள். அப்புறம் காயவைக்கிறார்கள். பரவுவதில் ஓரிடம் விட்டுப்போனாலும், சுத்தி ஊசி சரியாக அந்த இடத்தில் விழுந்தால் வெறும் "கிளிக்" சத்தம்தான் வரும். நல்ல தொழிற்சாலைக்கும் சுமாரான தொழிற்சாலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு துளியில் இருக்கிறது.

கிளிக் கேட்டால் செய்ய வேண்டியதைக் கவனமாகப் படியுங்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் போல்ட்டைத் தொடாமல் 30 விநாடி காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றி வெடிப்பது அபூர்வம்தான், ஆனால் நடக்கும். அதன் பிறகு தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்கள். விளிம்பில் ஊசித் தடம் ஆழமாக இருந்தால் கோளாறு தோட்டாவில். தடம் லேசாக இருந்தால் உங்கள் போல்ட்டில் அழுக்கோ, தளர்ந்த ஸ்பிரிங்கோ இருக்கிறது. இதைப் பார்க்காமலேயே தோட்டாவைத் திட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட ஆபத்தானது, சத்தம் வழக்கத்தைவிட மெல்லியதாக, "புஸ்" என்று வருவது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்த தோட்டாவைப் போடவே கூடாது. துப்பாக்கியைக் காலி செய்து, குழல் அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று ரேஞ்ச் அதிகாரியோடு சேர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்தது.

நண்பரின் பண்ணையில் தகர டப்பா சுட ரூகர் 10/22 வைத்திருக்கிறேன். 500 தோட்டா உள்ள பெரிய பெட்டி வாங்கினால் மலிவு. ஆனால் சத்தம் குறைந்த தோட்டா போட்டால் சிக்கிக்கொள்கிறது.
ஆஸ்டின், டெக்சாஸ் வாசகர்

உங்கள் ரூகர் போல் தானாகத் தோட்டா ஏற்றும் துப்பாக்கிக்கு வேலை செய்யத் தெம்பு வேண்டும். வெடிக்கும் தோட்டாவின் பின்னுதைதான் உங்கள் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. மெதுவான தோட்டாவில் அந்த உதை போதாது. கூடு பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) குண்டுள்ள ஹை வெலாசிட்டி வகை போடுங்கள். சி.சி.ஐ. மினி-மேக் மாதிரி விநாடிக்கு 375 மீட்டர் பக்கம் போகும் தோட்டாவில் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெரிய பெட்டித் தோட்டா தகர டப்பாவுக்குப் போதும், தாராளமாக வாங்குங்கள். முதலில் சின்ன அளவில் வாங்கி இருநூறு சுட்டுப் பாருங்கள். ஐந்தாறு தடவைக்கு மேல் கோளாறு வந்தால் அந்த மலிவு மலிவே இல்லை. உதிரியாகக் கொட்டி வைத்த பெட்டியில் குண்டு கூட்டுக்குள் ஆடுகிறதா, வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப்பட்டதை ஒதுக்கிவிடுங்கள்.

டப்பாவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இந்தச் சின்னக் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் போகும். மண்மேடு இல்லாத இடத்தில் ஒரு குண்டுகூடச் சுடாதீர்கள். பாறை, இரும்புத் துண்டு, தண்ணீர்ப் பரப்பு எதுவும் இலக்காக வேண்டாம். மெத்தென்ற ஈயக் குண்டு அவற்றில் பட்டு எந்தப் பக்கமும் தெறிக்கும். கண்ணாடிப் பாட்டிலும் வேண்டாம், அடுத்த மழையில் அந்தச் சில்லுகள் மாட்டின் காலில் ஏறும்.

வேகம் கூடினால் காற்று குறைவாகத்தானே தள்ளும்?
சிங்கப்பூர் வாசகர்

கேட்டால் சரி என்றே தோன்றும். ஆனால் .22-இல் தலைகீழ். ஹை வெலாசிட்டிக் குண்டு ஒலியைவிட வேகமாகக் கிளம்பி, இலக்கை நோக்கிப் போகும் வழியிலேயே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்தக் கட்டத்தில் காற்றின் தடை மிக அதிகம். குண்டு எவ்வளவு வேகத்தை வழியில் இழக்கிறதோ, பக்கக் காற்று அவ்வளவு தள்ளும். ஒலியைத் தாண்டாமலே கிளம்பும் ஸ்டாண்டர்ட் தோட்டா இழப்பது குறைவு, அதனால் விலகுவதும் குறைவு. ஒலி எல்லையைக் கடக்கும்போது குண்டு லேசாகத் தடுமாறவும் செய்யும். உலகப் போட்டிகளில் எல்லாரும் மெதுவான தோட்டா சுடுவதற்குக் காரணம் இதுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியும் இந்த .22-இல் சுடுவதுதான்.

என் ரைஃபிளுக்கு எது நல்ல தோட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொருவரும் ஒன்று சொல்கிறார்கள்.
மதுரை, சேலம், டொரன்டோ வாசகர்கள்

எல்லாரும் அவரவர் குழலுக்குப் பிடித்ததைச் சொல்கிறார்கள். ஒரே மாதிரி, அடுத்தடுத்த எண் கொண்ட இரண்டு ரைஃபிள்கள்கூட வெவ்வேறு தோட்டாவை விரும்பும். சுட்டுப் பார்க்காமல் தெரியாது.

நான் செய்யும் முறை இது. நான்கு வகையில் 50 தோட்டா கொண்ட பெட்டி ஒவ்வொன்று. காற்றடிக்காத விடியற்காலை. ரைஃபிளை மணல் மூட்டையில் வைத்து 50 மீட்டரில் சுட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் முதல் பத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். .22 குண்டின் மேல் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும்; முந்தைய வகையின் பூச்சு போய்ப் புதியது குழலில் படிய இத்தனை தேவை. மீதி நாற்பதில் பத்துப் பத்தாக நான்கு குரூப். ஒவ்வொன்றிலும் அதிகத் தூரத்தில் உள்ள இரண்டு துளைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 5.6 மில்லிமீட்டரைக் கழியுங்கள். "அது என் தப்பு" என்று சொல்லி ஒரு துளையையும் விடாதீர்கள். மூன்று குண்டு சுட்டு "ஒரே துளை!" என்று படம் அனுப்புகிறார்கள்; அது எதையும் நிரூபிக்காது. இன்னொரு நாள் அதே சோதனையை, வரிசையை மாற்றிப் போட்டுச் செய்யுங்கள். இரண்டு நாளும் முன்னுக்கு வருவதுதான் உங்கள் தோட்டா. சராசரி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும், ஒரு குரூப் 15 மில்லிமீட்டர், அடுத்தது 35 என்று தாவாமல் ஒரே சீராக இருப்பதையே நான் எடுப்பேன்.

இதோடு முடியவில்லை. பெட்டியில் அச்சிட்ட லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணை, குறித்துக்கொள்ளுங்கள். பெயர் ஒன்று, பெட்டி நிறம் ஒன்று, லாட் வேறு என்றால் குழலைப் பொறுத்தவரை அது வேறு தோட்டா. நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு மாநிலப் போட்டிக்கு முதல் வாரம் பழைய இருப்பு தீர்ந்து, அதே பெயரில் புதுப் பெட்டி வாங்கினேன். சோதிக்கவில்லை. முதல் தொடரிலேயே மூன்று ஒன்பது, மூன்றும் மேலே. சைட்டைத் திருகித் திருகி அறுபது குண்டையும் முடித்தேன். கிளப்புக்குத் திரும்பி மூட்டையில் வைத்துச் சுட்டபோதுதான் தெரிந்தது, குழலுக்கு அந்த லாட் பிடிக்கவில்லை என்று. ஒரு வருட உழைப்பு அது. அதன் பிறகு லாட் எண் எழுதாத ஒரு பெட்டியும் என் அலமாரிக்குள் போனதில்லை.

நல்ல லாட் கிடைத்தால் சீசனுக்குத் தேவையானதை அதிலேயே மொத்தமாக வாங்கிவிடுங்கள். பெரிய வீரர்கள் இதற்காகவே ரைஃபிளோடு பறக்கிறார்கள். தோட்டா தயாரிக்கும் நிறுவனங்களில் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் லாபுவாவும், இங்கிலாந்தின் பர்மிங்காம் பக்கம் ஈலியும் சோதனைக் கூடம் வைத்திருக்கிறார்கள். ரைஃபிளைத் தாங்கியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்கலாம். நம் ஊரில் அந்த வசதி இல்லாதபோது கிளப்பில் நான்கு பேர் சேர்ந்து வெவ்வேறு லாட்டில் ஒவ்வொரு பெட்டி வாங்கிப் பகிர்ந்து சோதிக்கலாம். அவரவர் உரிமத்துக்கும் கிளப் பதிவேட்டுக்கும் உட்பட்டுச் செய்யுங்கள்.

.22 மேக்னம் துப்பாக்கியில் சாதா .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) போடலாமா? உள்ளே போகிறதே.
பெயர் வேண்டாம் என்ற வாசகர்

கூடாது. மேக்னம் கூடு இன்னும் பருமன். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அந்த அறையில் எல்.ஆர். கூடு தளர்வாக உட்கார்ந்து, வெடிக்கும்போது பிளந்து, சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரும். குழலில் என்ன பெயர் பொறித்திருக்கிறதோ அது மட்டும்.

சென்னை வெயிலில், ஈரத்தில் தோட்டா கெடுமா?
சென்னை வாசகர்

காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு, அறை வெப்பத்தில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். பூட்டிய அலமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாமல். நம் ஊரின் உண்மையான எதிரி கார் டிக்கி. மே மாத மதியம் அதில் கிடந்தால் குண்டின் மெழுகு இளகி ஒரு பக்கமாக வழியும், ஸ்கோரில் அது தெரியும். ரேஞ்சிலும் பெட்டியை நிழலில் வையுங்கள். பெட்டியிலிருந்து கொட்டி வேறு டப்பாவில் போட்டால் லாட் எண் போய்விடும், அதையும் செய்யாதீர்கள்.

இங்கே பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி. கோடையில் நன்றாகப் போன தோட்டா குளிரில் சிதறுகிறது.
எட்மண்டன் வாசகர்

குளிரில் மெழுகு இறுகும், மருந்து மெதுவாக எரியும், காற்றும் அடர்த்தியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு: ஒலியின் வேகமே குறைகிறது. 20 டிகிரியில் விநாடிக்கு 343 மீட்டர், உங்கள் மைனஸ் பத்தில் சுமார் 325. கோடையில் ஒலிக்குப் பத்திரமாகக் கீழே இருந்த ஸ்டாண்டர்ட் தோட்டா இப்போது அந்தத் தடுமாற்ற எல்லையிலேயே பறக்கிறது. தோட்டாவைச் சட்டையின் உள்பையில் வைத்திருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பனிச்சறுக்கும் சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டிக்காகக் குளிர்காலத்துக்கென்றே தயாராகும் தோட்டாவைச் சோதித்துப் பாருங்கள். குளிரிலும் மருந்து சீராகப் பற்ற வேண்டும் என்பதற்காகவே அதைச் செய்கிறார்கள்.

கூட்டின் அடிவிளிம்புத் தடிமனை அளந்து பிரித்தால் மலிவுத் தோட்டா போட்டித் தோட்டா ஆகுமா?
ஈரோடு வாசகர்

ஆகாது. நானும் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அளந்து பிரித்தேன். வேக வித்தியாசம் அப்படியே இருந்தது. அந்த நேரத்துக்குத் தோட்டா இல்லாமல் பழகும் ட்ரை பிராக்டிஸ் செய்யுங்கள். ஆனால் காலி அறையில் ஊசியை விடாதீர்கள், பல .22 துப்பாக்கிகளில் ஊசி குழல் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். கையேட்டைப் பார்த்துவிட்டு ஸ்னாப் கேப் எனும் போலித் தோட்டாவைப் போடுங்கள்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. வாரம் மூன்று நாள் மூடிய ரேஞ்சில் சுடுகிறாள். ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?
சென்னையிலிருந்து ஒரு தாய்

நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்தது. மற்ற எல்லாக் கேள்விக்கும் முன்னால் இது வந்திருக்க வேண்டும். .22 குண்டு ஈயம். விளிம்பில் உள்ள தீப்பற்று மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. புகையாக வருவதும், கையில் கறுப்பாக ஒட்டுவதும் அதுதான். வளரும் பிள்ளைகளுக்கு ஈயம் பெரியவர்களைவிட அதிகம் பாதிக்கும்.

பயந்து நிறுத்த வேண்டாம். முதலில் ரேஞ்சுக்குப் போய், சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்குப் பக்கமாகக் காற்று இழுக்கப்படுகிறதா என்று பாருங்கள். புகை முகத்தில் தங்கினால் நிர்வாகத்திடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உள்ளே முறுக்கு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எதுவும் வேண்டாம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கையும் முகமும் கழுவ வேண்டும். சுடும் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். தரையில் விழுந்த கூடுகளை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது, தூசி மூக்கில் ஏறும். ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும்படி குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், அடுத்த தோட்டாவை உதட்டில் கவ்விக்கொண்டு போல்ட்டைத் திறக்கும் பழக்கம் சில பிள்ளைகளுக்கு உண்டு. உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்று ஒரு நாள் பின்னால் நின்று கவனியுங்கள். இருந்தால் அன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.