பல்லடத்துக் கோழி, கொச்சி பில்

கேள்வி: பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் பொரித்த கோழிக் கடை ஒன்றை பிரான்சைஸ் எடுத்து, அதாவது ஒரு கம்பெனியின் பெயரிலும் முறையிலும், 2 வருடம் நடத்துகிறேன். கோழி, மசாலா, எண்ணெய், அட்டைப்பெட்டி எல்லாமே கம்பெனி சொல்லும் சப்ளையரிடம்தான் வாங்க வேண்டும். கோழி கொச்சியிலிருந்து வருகிறது. அதுவும் பல்லடத்துக் கோழிதான். எங்கள் ஊர் வழியாகவே கொச்சிக்குப் போய்த் திரும்பி வருகிறது. கிலோவுக்கு 35 ரூபாய் கூடுதல். வண்டி தாமதமானால் ஐஸ் உருகிக் கிடக்கிறது. பக்கத்திலிருக்கும் பொள்ளாச்சியில் நேராக வாங்கிக்கொள்ளலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: கம்பெனிக்குத் தெரியாமல் மட்டும் வாங்காதீர்கள். நான் வாங்கியிருக்கிறேன்.

மீனாட்சிபுரம் பக்கம் நானும் இதே மாதிரி கடை வைத்திருந்தேன். ஒரு ஓணம் சமயம் சரக்கு வரவில்லை. உள்ளூரில் ஒவ்வொன்றும் 2 கிலோ எடையுள்ள கோழிகளை வாங்கி வெட்டிப் போட்டேன். கம்பெனி கணக்கு 1 கிலோ 100 கிராம் கோழி, 9 துண்டு. பொரிக்கும் மெஷினில் நிமிடம் வைத்திருப்பதும் அந்த எடைக்குத்தான். மேலே பொன்னிறம், மொறுமொறுப்பு, ஒரு குறையும் இல்லை. ஒரு சின்னப் பெண் தொடைத்துண்டைக் கடித்துவிட்டு அப்படியே தட்டில் வைத்தாள். எலும்பை ஒட்டி சதை பச்சையாக இருந்தது. அவளுடைய அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. எடை, வெட்டு, குளிர் என்று கம்பெனி பிடிவாதம் பிடிப்பதில் நியாயம் உண்டு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் தரம் வேறு, சப்ளையர் வேறு. அந்தத் தரத்தை இன்னார்தான் தர முடியும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சட்டத்துக்கு வருவோம். பிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி நீங்கள் கையெழுத்துப் போட்டது உங்களைக் கட்டும். 2002-ஆம் வருடப் போட்டிச் சட்டத்தின் 3(4) பிரிவு, ஒன்றை வாங்கினால் இன்னொன்றையும் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் சந்தையில் போட்டியே கணிசமாகக் கெடுகிறது என்று காட்டினால்தான் அது தவறாகும். பிராண்டைக் காக்க நியாயமான நிபந்தனை போட 3(5) இடமும் கொடுக்கிறது. தெருவுக்கு நாலு சிக்கன் கடை இருக்கும்போது அந்த வழியில் போவது வீண் செலவு.

அமெரிக்காவில் 1971-ல் சிக்கன் டிலைட் என்ற கம்பெனி, அடுப்பு, மாவுக் கலவை, பெட்டி எல்லாம் தன்னிடமே வாங்கக் கட்டாயப்படுத்தியதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. தரத்தை எழுதிக் கொடுத்தாலே போதுமே என்றது. நம்மூர் நீதிமன்றத்தை அது கட்டாது. ஆனாலும் கம்பெனியிடம் பேச நல்ல வாதம்.

ஆகவே மெயிலில் கேளுங்கள். ஏரியா மேனேஜரிடம் போனில் பேசியதெல்லாம் நிற்காது. முதலில் அக்ரிமென்ட்டின் பின்னிணைப்பில் சப்ளையர் பெயரோடு ‘அல்லது அதற்கு இணையான’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பிறகு எடை, வெட்டு, வந்து சேரும்போது இருக்கவேண்டிய குளிர்நிலை எல்லாம் எழுதிய தரப்பட்டியலைக் கேளுங்கள். புது சப்ளையரைச் சேர்க்க என்ன வழி, சாம்பிள் சோதனைக்குக் காசு யார் தருவது, எத்தனை நாளில் பதில் என்பதையும் கேளுங்கள். சப்ளையரிடமிருந்து கம்பெனிக்குக் கமிஷன் உண்டா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். அமெரிக்காவில் இதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் அந்த உருகிய ஐஸ்தான். உணவுப் பாதுகாப்பு லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறது. யாருக்காவது வயிறு கெட்டால் அதிகாரி முதலில் வருவது உங்கள் கடைக்கு. ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, பெட்டி இறங்கும்போதே கோழியின் சதையில் குத்தி, மணியும் டிகிரியும் டிரைவர் கையெழுத்தோடு ஒரு மாதம் எழுதி வையுங்கள். 5 டிகிரிக்கு மேல் வந்த நாட்களைக் கடிதத்தில் வரிசையாகப் போடுங்கள்.

மசாலாவைக் கேட்காதீர்கள், அது அவர்களுடைய கைமணம். பெட்டியையும் டிஷ்யூவையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்; அதற்கு அநேகமாகச் சீக்கிரமே சம்மதிப்பார்கள். பதில் வந்ததும் பின்னிணைப்பின் நகலோடு எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.